பானட் சூடு

வெர்லின் ஸ்டக்கி முப்பத்தோரு வருஷம் ஆலையில் லேத் ஓட்டியவர். அமெரிக்காவில் ஒஹையோவின் அந்தச் சின்ன ஊரில் அவர் பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது அவருடைய கறுப்புக் கார்தான். பெரிய எஞ்சின் வைத்த 1969 மாடல். துருப்பிடித்த வெறும் கூடாக வாங்கி, பதினொரு குளிர்காலம் கராஜிலேயே கிடந்து, வேகம் கூட்டும் டர்போவையும் தன் கையாலேயே பொருத்தினார். மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். இப்போது இடது முழங்கால் கிளட்சை மிதிக்க விடவில்லை. விற்றுவிடத் துணிந்தார்.

ஒரே ஒரு குறை. பிஸ்டன் ஒன்று தேய்ந்திருந்தது. எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது கிளப்பினால் ஐந்து நிமிடம் டக்டக்கென்று தட்டும். சூடேறினால் சத்தம் அடங்கிவிடும்.

வாங்க வந்தவர் டெல்மர். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், சர்ச் சபையில் வெர்லினுக்கு முன் வரிசையில் உட்காருபவர். சனிக்கிழமை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். வெர்லின் ஒன்பதரைக்கே எஞ்சினை ஓடவிட்டு, தட்டல் நின்றபின் அணைத்து வைத்தார்.

பழைய கார் வாங்குகிற எவரும் செய்வதுபோல, எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா என்று அறிய டெல்மர் முதலில் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"என்னப்பா, இதுல பான்கேக் சுடலாம் போலிருக்கே! காலையிலேயே ஊர் சுத்திட்டு வந்துட்டியா?"

"இல்லப்பா... கராஜ்லேர்ந்து வெளிய எடுத்தேன். அவ்வளவுதான்."

கராஜிலிருந்து வாசலுக்குப் பத்தடி. பத்தடிக்கு எந்த எஞ்சினும் இப்படிச் சுடாது.

"நீ சொன்னா சரி" என்று டெல்மர் செக்கைக் கொடுத்துவிட்டு, காரை ஓட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் சபையில் காணிக்கைத் தட்டு ஏந்தியது வெர்லின். டெல்மர் கவரைப் போட்டுவிட்டுக் கண்ணடித்தார். "நேத்து கொண்டுபோய் நிறுத்தினதுதான். நாளைக்குக் காலையில கிளப்பப் போறேன்." வெர்லின் தட்டை அடுத்த வரிசைக்கு நகர்த்தினார். ஆண்டவர் சந்நிதியில் நின்றுகொண்டு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மதியம் சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். "உருளைக்கிழங்குக்குப் பிரசங்கம் பண்ணப் போறீங்களா?" என்றாள் மனைவி அர்வில்லா. நடந்ததைச் சொல்லி, பைபிளைப் பிரித்துச் செக்கைக் காட்டினார். அவள் சிரிப்பு நின்றது. "அந்தச் செக்கை பைபிளுக்குள்ளயா வச்சிருக்கீங்க? முதல்ல எடுங்க அதை."

இரண்டு தெரு தள்ளி டெல்மர் வீடு. வெர்லின் நொண்டியபடி நடந்து போனார்.

"இப்பவே கிளப்பு டெல்மர். குளுந்து கிடக்கறப்பவே கேளு."

டக்டக், டக்டக். டெல்மர் தலை சாய்த்துக் கேட்டார்.

"இதுவா? என் முட்டிகூடக் காலையில இப்படித்தான் சத்தம் போடுது. சொல்லியிருந்தா இதோடவே வாங்கியிருப்பேன்." எஞ்சினை அணைத்தார். "ஆனா நான் கைய வச்சுக் கேட்டேனே, வெர்லின்."

வெர்லின் சட்டைப் பையைத் துழாவினார். செக்கை நீட்டினார். டெல்மர் வாங்கிக்கொண்டு சாவியை அவர் கையில் வைத்தார்.

காரை ஓட்டி வீடு வரும்வரை ஒவ்வொரு கியருக்கும் முழங்கால் குத்தியது. அவர் முகம் சுளிக்கவில்லை.

அந்த வாரம் மளிகைக் கடைப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'கார் விற்பனைக்கு. குளிர்ந்த எஞ்சின் ஐந்து நிமிடம் தட்டும். முதலில் பானட்டைத் தொட்டுப் பாருங்கள், பிறகு நீங்களே கிளப்புங்கள்.'