நான்கு காது அந்துப்பூச்சி

உலகத்தில் எந்த அந்துப்பூச்சிக்கும் நான்கு காது கிடையாது. காதே இல்லாதவை உண்டு, இரண்டு காது உள்ளவை ஏராளம். நான்கு காதோடு ஒன்று இருந்தது என்றால் அது பாயா தெருபோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில், ஒரு தீபாவளியன்று, முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்ததுதான். அதை உண்டாக்கியவர் என் கணவர்.

நான் இடைநிலைப் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுப்பவள். அது சம்பளத்துக்கு. அந்துப்பூச்சி எனக்கு. எங்கள் வீட்டுப் பால்கனி மலையைப் பார்த்தபடி இருக்கிறது. இருட்டத் தொடங்கியதும் என் கணவரின் பழைய வெள்ளை வேட்டி ஒன்றைக் கொடியில் கட்டி, அதற்கு முன்னால் விளக்கைப் போட்டுவிட்டால் போதும். சோறு வெந்து இறங்குவதற்குள் மலையிலிருந்து விருந்தாளிகள் வந்து வேட்டியில் உட்கார்ந்துவிடுவார்கள். பல வருடமாக இதைச் செய்கிறேன். யாராவது இதைப் பொழுதுபோக்கு என்று சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். தொலைக்காட்சி பார்ப்பது பொழுதுபோக்கு. ஒரு பூச்சியின் பின்சிறகு நரம்பை எண்ணி, அது எந்தக் குடும்பம் என்று தயங்காமல் சொல்வதற்கு வேறு பெயர் இருக்கிறது.

அந்துப்பூச்சிகளைச் சிறகின் நிறத்தை வைத்துப் பிரிப்பார்கள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். சிறகு சட்டை மாதிரி. ஒரே கடையில் சட்டை வாங்கிய இரண்டு பேரை அண்ணன் தம்பி என்று சொல்ல முடியுமா? உள்ளே பார்க்க வேண்டும். காது எங்கே இருக்கிறது, சிறகு நரம்பு எப்படிக் கிளை பிரிகிறது, முன்சிறகையும் பின்சிறகையும் கோத்துப் பிடிக்கிற முள் ஒன்றா பலவா, எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கடைசியில், வயிற்றின் நுனியில் இருக்கும் இனப்பெருக்க உறுப்பைப் பார்க்க வேண்டும். சட்டை ஒன்றுபோல இருக்கும் இரண்டு இனங்கள் அங்கேதான் பிடிபடும். இதை ஒருநாள் ஆசிரியர் அறையில் விளக்கமாகச் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து "டீச்சர், நேத்து எந்தப் பூச்சியோட மானத்த வாங்குனீங்க?" என்று கேட்காமல் எவரும் எனக்குக் காலை வணக்கம் சொல்வதில்லை. கேட்கட்டும். அந்த அறையில் அதைப் பார்க்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அந்த வருடம் என் வேட்டியில் ஒரு பூச்சி வந்து உட்கார்ந்தது. காபித்தூள் நிறம், முன்சிறகின் ஓரத்தில் பிறை போல வெளிர்க்கோடு. ஆந்தை அந்து என்று சொல்லப்படும் பெரிய கூட்டத்தைச் சேர்ந்தது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் எந்த இனத்தோடும் அது ஒத்துவரவில்லை. வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் இந்தக் கூட்டத்தையே வாழ்க்கையாகக் கொண்ட நிபுணர் ஒருவருக்குப் படம் அனுப்பினேன். அவர் மரியாதையாகவும் சுருக்கமாகவும் பதில் எழுதினார். சிறகு சுவாரசியமாக இருக்கிறது, ஆனால் சிறகு ஆதாரம் ஆகாது, ஆண் பூச்சியின் வயிற்று நுனி அமைப்பைக் காட்டுங்கள், அதன் பிறகு பேசலாம் என்றார். என்னிடம் இருந்தது ஒரே ஒரு ஆண். விஞ்ஞானத்துக்கு அதுவரை தெரியாத ஓர் இனத்தை நான் கண்டுபிடித்தேனா இல்லையா என்பது, ஓர் அரிசியைவிடச் சற்றே பெரிய அந்த வயிற்றில் இருந்தது.

காய்ந்த பூச்சியின் வயிற்றை இடுக்கியால் மெல்ல மேலே தள்ளினால் மளுக்கென்று கழன்றுவிடும். பிறகு அதைப் பொட்டாஷ் கரைசலில் ஊறவைத்தால் சதையெல்லாம் கரைந்து, ஓட்டினால் ஆன உறுப்புகள் மட்டும் மிஞ்சும். தீபாவளிக்கு முதல் நாள் ஏழு பூச்சிகளின் வயிற்றைக் கழற்றினேன். என் வழக்கப்படி அவற்றை மாத்திரை டப்பா ஒன்றின் ஏழு அறைகளில் வரிசையாக வைத்தேன். பெட்டியில் பூச்சிகள் குத்தியிருந்த அதே வரிசை. அதற்குள் எண்ணெய் காய்ந்துவிட்டது என்று அடுப்படியிலிருந்து என் கணவர் குரல் கொடுத்தார். எது எந்தப் பூச்சியுடையது என்ற எண் சீட்டை அப்புறம் போடலாம் என்று பெட்டியையும் டப்பாவையும் அலமாரியில் வைத்துவிட்டு முறுக்கு சுடப் போனேன். என் வேலைமுறையில் பிழை இல்லை. இன்றுவரை அப்படித்தான் சொல்கிறேன், இனியும் அப்படித்தான் சொல்வேன்.

என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் ரீவொர்க் பிரிவில் இருக்கிறார். மின்னணுப் பலகையில் எள்ளைவிடச் சிறிய பாகம் ஏதாவது கழன்று வந்தால், உருப்பெருக்கியின் கீழ் வைத்து அதை மறுபடியும் அதன் இடத்தில் பொருத்துவதுதான் வேலை. கை நடுங்காத மனிதர். கழன்ற பொருளைக் கண்டால் சும்மா விடவும் மாட்டார்.

தீபாவளிக் காலையில் நான் சமையலறையில் இருந்தேன். அக்கம்பக்கத்தார் எல்லாருக்கும் கதவைத் திறந்துவைக்கும் திறந்த இல்ல உபசரிப்புக்கு வரும் விருந்தாளிகளுக்கு மனைவியின் பூச்சிகளைக் காட்டிப் பெருமையடிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. பெட்டியைத் திறந்திருக்கிறார். ஏழு பூச்சிகளுக்கு வயிறு இல்லை. எங்கள் வீட்டில் எறும்புத் தொல்லை உண்டு, அதன் வேலை என்று நினைத்திருக்கிறார். பக்கத்திலேயே டப்பாவில் ஏழு வயிறு. சரி செய்ய எடுத்து வைத்தவளுக்கு முறுக்கு வேலையில் நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது, பாவம் என்று முடிவு கட்டியிருக்கிறார். பெருநாளும் அதுவுமாக வீட்டில் உடைந்த பொருள் இருக்கக் கூடாது என்பது அவர் வீட்டு வழக்கம். சூப்பர் குளூவை எடுத்துவிட்டார்.

நான் முறுக்குத் தட்டோடு வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி பெட்டிமேல் குனிந்து, மலாயில் அழகு அழகு என்று சொல்லிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். ஏழு பூச்சியும் முழுசாக இருந்தன.

"யாருங்க இத ஒட்டுனது?" என்று என் கணவர் காதருகே கேட்டேன்.

"நாந்தான் லா. நல்லா இருக்கா? அளவு பாத்து, கலரு பாத்து, ஒண்ணொண்ணா மேட்ச் பண்ணேன்."

"எந்த வயிறு எந்த அறையில இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"எல்லாத்தையும் தட்டுல கொட்டித்தானம்மா செலெக்ட் பண்ணேன்."

ஆன்ட்டிக்கு முன்னால் கத்த முடியாது. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நிஜமாகவே அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து எல்லாருக்கும் பலகாரம் பரிமாறினேன். அவருக்கு மட்டும் வைக்கவில்லை.

பிற்பகலில் விருந்தாளிகள் போனதும் சாப்பாட்டு மேசையைத் துடைத்து நுண்ணோக்கியை வைத்தேன். விஷயம் என்ன என்று அதற்குள் அவருக்குச் சொல்லியிருந்தேன். எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதலில் என் பிறைக்கோட்டுப் பூச்சியை லென்சின் கீழ் வைத்தேன். பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்கிறியா அழறியா, எனக்குப் பயமா இருக்கு லா" என்றார்.

"நாலு காதுங்க" என்றேன்.

ஆந்தை அந்துகளுக்குக் காது மார்பின் கடைசிக் கண்டத்தில், பின்சிறகுக்குக் கீழே இருக்கும். மெல்லிய சவ்வு, பக்கத்துக்கு ஒன்று. வௌவால் வருகிறதா என்று கேட்பதற்கு. இன்னொரு குடும்பம் இருக்கிறது, அதன் புழு சாண் போட்டு அளப்பதுபோல முதுகை வளைத்து நடக்கும். அந்தக் குடும்பத்துக்குக் காது வயிற்றின் அடிப்பகுதியில். என் கணவர் அளவும் கலரும் பார்த்து, ஆந்தை அந்தின் மார்பில் சாண்புழுக் குடும்பத்தின் வயிற்றை ஒட்டியிருந்தார். மார்பில் இரண்டு, வயிற்றில் இரண்டு. பெட்டியில் இன்னொன்றுக்குக் காதே இல்லை. அது சாண்புழுக் குடும்பம், அதற்கு ஆந்தை அந்தின் வயிறு கிடைத்திருந்தது.

சிரித்து முடித்ததும் எனக்குப் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. பசை போனால் போகிறது, அசிட்டோனில் கரைந்துவிடும். வீட்டில் நகப்பூச்சு அழிக்கும் திரவம் இருந்தது, அதில் அதுதான் இருக்கிறது. கழற்றும் வேலையை அவரிடமே கொடுத்தேன். அவர் கை என் கையைவிட நல்ல கை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சிறகில் ஒரு செதில் உதிராமல் ஏழையும் பிரித்து வைத்தார்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிமிர்கிறது. அடிப்பகுதியில் காது இருந்த வயிறுகள் மூன்று. அவை சாண்புழுக் குடும்பம், ஓரம் கட்டியாயிற்று. மிச்சம் நான்கு, நான்கும் ஆந்தை அந்து. அடுத்தது சிறகு கோக்கும் முள். ஆணுக்கு அது தடித்த ஒற்றை முள், பெண்ணுக்குப் பல மெல்லிய முட்கள். நான்கில் இரண்டு ஆண், இரண்டு பெண். வயிற்று நுனியில் செதிலை மெல்லத் தள்ளிப் பார்த்தால் அங்கேயும் ஆண் இரண்டு, பெண் இரண்டு. பெண்களும் ஓரம் போனார்கள். இரண்டு ஆண் மார்பு, இரண்டு ஆண் வயிறு. ஒன்று என் பூச்சி, மற்றது எங்கள் பக்கத்தில் சாதாரணமாக வரும் ஒன்று.

இந்த இடத்தில் நின்றுவிட்டேன். நுனியைப் பார்த்து, வித்தியாசமாக இருக்கும் வயிற்றை என் பூச்சிக்குக் கொடுத்துவிடலாம். அப்படிச் செய்தால், உனக்கு வேண்டியதை நீயே எடுத்துக்கொண்டாய் என்று அந்த நிபுணர் ஒரு வரியில் முடித்துவிடுவார். அவர் சொல்லாவிட்டாலும் நானே சொல்வேன். நுனியைக் கேட்காத ஒரு சாட்சி வேண்டும்.

சாட்சி உடைந்த இடத்தில்தான் இருக்க வேண்டும். ஆந்தை அந்தின் வயிறு மார்போடு சேரும் இடத்தில், காதுக்குப் பின்னால், பக்கத்துக்கு ஒன்றாகச் சிறிய முக்காடு போன்ற மடிப்பு உண்டு. ஒரு வயிற்றில் இரண்டு முக்காடும் முழுசாக இருந்தன. மற்றதில் இடப்பக்கத்து முக்காடு பிய்ந்து போயிருந்தது. பிய்ந்தது எங்கே? இரண்டு மார்பையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ரோமமும் பசை மிச்சமும் மூடிக்கொண்டு எனக்கு எதுவும் தெரியவில்லை. கண் எரிந்தது.

"நான் பாக்கட்டுமா?" என்றார்.

இடத்தை விட்டுக் கொடுத்தேன். ஒரு சொட்டு அசிட்டோன் விட்டார், ஊசி நுனியால் ரோமத்தை விலக்கினார்.

"இந்தா, இந்தப் பிறைக்கோட்டுப் பூச்சியில எடது பக்கம் ஒரு துண்டு நிக்குது. போர்டுல கம்பொனண்ட எடுக்கும்போது சமயத்துல அடியில இருக்குற செம்புப் பேடும் சேந்து பிச்சிக்கும். இங்க வயித்த எடுக்கும்போது அதோட துண்டு இங்கயே தங்கிருச்சி."

நான் பார்த்தேன். முக்காடேதான். வயிற்றில் பிய்ந்த ஓரத்தையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒவ்வொரு பிசிறும் எதிர்ப்பிசிறோடு பொருந்தியது. மற்ற மார்பில் அப்படி எதுவும் இல்லை. எதையும் தொடாமல் முதலில் படம் எடுத்துக்கொண்டேன். பிறகு எழுந்து போய், காலையில் அவருக்கு வைக்காத பலகாரத்தைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தேன்.

மறுநாள் அந்த வயிறு பொட்டாஷில் ஊறித் தெளிந்து வந்தது. ஆண் பூச்சி பெண்ணைப் பற்றிக்கொள்ளும் மடல்கள் இரண்டு. வலது மடலில் மட்டும் கெட்டியான கொக்கி ஒன்று உள்நோக்கி வளைந்திருந்தது. இடதில் இல்லை. அந்தப் பூச்சிக்கு நெருங்கிய உறவு என்று எனக்குத் தெரிந்த எந்த இனத்துக்கும் அப்படி ஒரு கொக்கி கிடையாது. நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கியபோது பால்கனியில் மலை தெரிந்தது. அந்த மலையில் வாழும் ஓர் உயிரை எல்லாருக்கும் முன்னால் நான் பார்த்துவிட்டேன் என்று அவரிடம் சத்தம் போட்டே சொன்னேன்.

நிபுணருக்கு எதையும் மறைக்காமல் எழுதினேன். பசை, தட்டு, நான்கு காது, முக்காட்டுத் துண்டு, எல்லாம். அவர் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். பூச்சியின் ஒரு காலையும், பொட்டாஷில் போடுமுன் அந்த வயிற்றிலிருந்து நான் எடுத்துவைத்திருந்த சதைத் துணுக்கையும் மரபணுச் சோதனைக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னார். இரண்டும் ஒரே பூச்சி என்றே முடிவு வந்தது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. அது புதிய இனம்தான் என்று கடைசியில் அவரும் ஒப்புக்கொண்டார். பெயர் வைக்கும் உரிமை என்னுடையது. ஒட்டப்பட்டது என்று பொருள் வரும் லத்தீன் சொல் ஒன்றை வைத்தேன். பசையைத்தான் கரைத்துவிட்டீர்களே, இப்போது இந்தப் பூச்சியில் எது ஒட்டப்பட்டிருக்கிறது என்று நிபுணர் கேட்டார். விளக்கக் குறிப்பில், இனத்துக்கே அடையாளமாக வைக்கப்படும் முதல் மாதிரியின் நிலை பற்றிய வரியைப் படியுங்கள் என்று பதில் போட்டேன்.

அந்தப் பூச்சி இப்போது வீட்டில் இல்லை. முதல் மாதிரி அருங்காட்சியகத்தில்தான் இருக்க வேண்டும், அனுப்பிவிட்டேன். இனத்தை அறிவித்து வெளியான கட்டுரையின் படப் பக்கத்தை மட்டும் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். அடுத்த தீபாவளிக்கு வந்த சீன ஆன்ட்டியை என் கணவர் நேராக அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். இது என் மனைவி கண்டுபிடித்த இனம், இந்த உலகத்தில் வேறு யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை என்று மலாயில் சொன்னார். பிறகு படத்தில் மார்புக்குப் பின்னால், இடப்பக்கம், பளபளக்கும் சிறு புள்ளி ஒன்றைத் தொட்டுக் காட்டினார். அசிட்டோனுக்கும் போகாமல் தங்கிவிட்ட பசை அது.

"இது நான் போட்டது" என்றார், நான் பட்டம் வாங்கியபோதுகூட அவர் முகத்தில் பார்க்காத பெருமையோடு.

இந்த முறை நான் சமையலறைக்குப் போகவில்லை. முறுக்குத் தட்டை ஆன்ட்டி கையில் கொடுத்துவிட்டு, கணவருக்குப் பக்கத்தில் நின்று, காது எங்கே இருக்கிறது என்று காட்டத் தொடங்கினேன்.