பாடியவள் பெயர் இல்லாத பாட்டு

கலிபோர்னியாவின் சான் ரமோனில் நடந்த ஒரு பொங்கல் விழாவுக்காக நாங்கள் மூவர் சேர்ந்து ஆட்டத்துக்கான பாட்டொன்றை உருவாக்கினோம். என்னுடன் பணிபுரியும் தென்னாப்பிரிக்க நண்பர் தம் ஊரின் அமாபியானோ பாணியில் இசையமைத்தார். நிதானமான நடை, அடியில் மரத்தைத் தட்டியதுபோல் ஆழ்ந்து அதிரும் ஒலி. வரிகள் என்னுடையவை. பாடியவள் என் கல்லூரித் தோழி. கோவைக்காரி, சான்டா கிளாராவில் பொறியாளராக இருந்தாள். அபார்ட்மென்ட் சுவர்கள் மெல்லியவை என்பதால் அவளுடைய காருக்குள் ஒலிப்பதிவு செய்தோம். இரைச்சல் கேட்கக்கூடாதென்று ஹீட்டரையும் நிறுத்தியிருந்தோம்.

"இந்தக் குளுருல பாடுனா பொங்கலுக்கு ஆகாதுடா, மார்கழி பஜனைக்குத்தான் ஆகும்" என்றாள். ஆனாலும் நன்றாகவே பாடினாள்.

பாட்டை இணையத்தில் ஏற்றுவதற்கு முன் நண்பர் மூவரின் பெயரையும் எழுதி அனுப்பினார். எனக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டிருந்தது. அவள் இன்னும் வேலை விசாவில் இருந்தாள். நிறுவனத்தின் சம்பளம் தவிர வேறு வருமானம் அவளுக்குக் கூடாது. அந்தத் தளத்திலோ கேட்பவர்களின் எண்ணிக்கைக்கேற்பச் சிறு தொகை வரும்.

"உன் பேரு வேண்டாம். நாளைக்கு விசா ஸ்டாம்பிங்ல கேட்டா என்ன பண்ணுவ?" என்றேன்.

"எனக்கு ஒரு டாலர் கூட வேண்டாம். பேரு மட்டும் இருக்கட்டுமே. அம்மாகிட்ட காட்டணும்டா."

"எதுக்கு ரிஸ்க்?"

"சரிங்க வக்கீல் சார்" என்றாள்.

விழாவில், ஆடியே பார்த்திராத அங்கிள்கள்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். தட்டில் வடையுடன் எங்கள் அருகில் நின்ற ஆன்ட்டி ஒருவர், "யாரும்மா பாடுனது? சூப்பரா இருக்கே!" என்று கேட்டார். தோழி என்னைப் பார்க்கவில்லை. "ஊர்ல யாரோ பாடுனாங்களாம் ஆன்ட்டி" என்றாள்.

இரண்டு மாதங்களில் அவள் நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தது. புதிய வேலை தேட விசா அனுமதித்தது அறுபது நாட்கள். அவை முடியும்முன் ஊர் திரும்பினாள். பெயரை மறைத்தது அவளுடைய எந்த ஆபத்தையும் தடுக்கவில்லை.

அண்மையில் நண்பர், இனியாவது அவள் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்டார். அவளைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"வேண்டாம்டா. மறுபடி விசாவுக்கு ட்ரை பண்றேன். அங்க வேலை பாத்தப்பவே பாடுனேன்னு தெரிஞ்சா?"

"அவ்வளவு தூரம் யாரு பாக்கப் போறா?"

"ஸ்டாம்பிங்ல கேப்பாங்கன்னு நீதானடா சொன்ன?" கோபமில்லை; உண்மையிலேயே சந்தேகத்தில்தான் கேட்டாள்.

"அம்மாகிட்ட காட்டுனியா?" என்றேன்.

"காட்டுனேன். நாந்தான்னும் சொன்னேன். கண்ணாடிய மாட்டிக்கிட்டு, உன் பேரு எங்கடீன்னு போன்ல தேடிட்டே இருந்தாங்க."

பெயர்ப் பட்டியல் இருப்பதுபோலவே இருக்கட்டும் என்று நண்பருக்குச் செய்தி அனுப்பினேன். அதில் என் பெயர் இருக்கிறது.