டூட்டிக்கு நேரமாச்சு

என் கணவர் வளைகுடாவில் வெல்டராக வேலை பார்த்த காலம் முழுவதும் போனில் ஒரே சொல்லைத்தான் சொன்னார். டூட்டி. கொளுத்தும் வெயிலில் இரும்பின் மேல் ஏறி நின்றாலும் டூட்டி, காய்ச்சலோடு போனாலும் டூட்டி. "கஷ்டமா இருக்கா?" என்று கேட்டால், "டூட்டிக்கு நேரமாச்சு, வைக்கட்டா?" என்பார். எனக்குக் கோபம் வரும். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவள். உழைப்பு, முயற்சி, ஊக்கம் என்று கரும்பலகை நிறைய எழுதிப்போடுகிறவளுக்கு இப்படி ஒரு கல்லுளிமங்கன் வாய்த்தார்.

ஊருக்கு வந்து இனியாவது நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தபோதுதான் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. இப்போதே பயிற்சி செய்தால் நடக்கலாம், தள்ளிப்போட்டால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எங்கள் ஊரான கொட்டாரத்தில், வீட்டுக்கு வந்துபோனவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் மேல் பிரியம் இருந்தால் அவரை எதையும் தூக்க விடமாட்டோம். கையில் இருக்கும் பையைக்கூடப் பிடுங்கிவிடுவோம். வந்த எல்லோரும் அவரிடம், "இவ்வளவு காலம் பெடாப்பாடு பட்டாச்சு, இனி அனங்காம கெடங்க" என்றார்கள். அசையாமல் படுத்திருக்க வேண்டுமாம். சபையிலிருந்து வந்தவர்கள் அவர் பட்ட பிரயாசங்களையெல்லாம் ஆண்டவரிடம் எடுத்துச் சொல்லி, இளைப்பாறுதல் கேட்டு ஜெபித்தார்கள். நானும் ஆமென் சொன்னேன். சோறு ஊட்டினேன், துடைத்துவிட்டேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பயிற்சி கொடுக்கக் குளச்சலிலிருந்து ஒரு பெண் வந்தாள். கடற்கரைக்காரி. பேச்சில் ராகமும் இருக்கும், கண்டிப்பும் இருக்கும். "மாமா, கொஞ்சம் முயற்சி பண்ணுங்க" என்று கெஞ்சிப் பார்த்தாள். அவர் கண்ணையே திறக்கவில்லை. அறையை விட்டு வெளியே வந்தவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், மாமா படவேண்டிய பாட்டையும் சேத்து நீங்களே படுதீங்க. பின்ன அவரு எதுக்கு எழும்பணும்?"

எனக்குச் சுருக்கென்றது. காலையும் மாலையும் ஓடி ஓடிச் செய்ததற்கு இதுதானா கூலி என்று இருந்தது. ஆனாலும் இரவெல்லாம் அவள் சொன்னது மண்டைக்குள் ஓடியது. மறுநாள் பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன்னால் அவர் கட்டிலருகே போய் நின்றேன். எங்கிருந்து வந்ததோ, வாயில் வந்துவிட்டது.

"கேட்டியளா? டூட்டிக்கு நேரமாச்சு."

கண்ணைத் திறந்தார். முறைத்தார். பிறகு இடது கையைக் கட்டிலில் ஊன்றினார். கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றியில் வேர்த்து ஊற்றியது, உதட்டைக் கடித்துக்கொண்டார். சரிந்து விழுந்தார். மறுபடியும் ஊன்றினார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஓடிப்போய்ப் பிடிக்காமல் நிற்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தனை வருஷமும் போனுக்கு அந்தப் பக்கம் இந்த முகம்தான் இருந்திருக்கிறது. எங்கள் வீடு, மகளின் படிப்பு எல்லாம் அதிலிருந்து வந்தவைதான்.

அதற்குப் பிறகு தினமும் டூட்டி. பயிற்சிக்காரப் பெண்ணும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, இன்னைக்கு ஓவர்டைம் உண்டா?" என்பாள். அவர் பாதி முகத்தால் சிரிப்பார். அவளை அனுப்பிவைத்த ஆண்டவருக்கு எத்தனை ஸ்தோத்திரம் சொன்னாலும் தகும். வாக்கர் போய்க் கம்பு வந்தது, பிறகு கம்பும் மூலைக்குப் போனது.

போன வாரம் மதியம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இடது கையால் அவராகவே மீனில் முள் எடுத்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது.

"ஏட்டி, கறி எரிக்குதா?" என்று குழறலாகக் கேட்டார்.

"ஆமா" என்றேன்.

மேசையில் கையூன்றி மெதுவாக எழுந்தார். காலை இழுத்து இழுத்து அடுக்களைக்குப் போய், எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.