உயிரோடு இருந்தவனுக்கு ஒப்பாரி

கல்யாண வீட்டில் யாராவது மைக்கை நீட்டினால் சாய்கல் முகம் சிவந்துபோகும். தேநீர் ஊற்றப் போகிறேன் என்று அடுப்படிக்குள் புகுந்துகொள்வாள். எங்கள் மலையூர் நரினில் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் அவள். ஒரு காலத்தில் தலைநகர் பிஷ்கெக்கில் பாடிச் சிடி போட்டவள் என்று சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. நான் அடுத்த வீட்டுக்காரி, எல்லாம் பார்த்தவள்.

பிஷ்கெக்கில் படிக்கும்போது மூன்று பேர் சேர்ந்து ஓர் இசைக்குழு வைத்தார்கள். பெயர் 'உலாக்', அதாவது ஆட்டுக்குட்டி. அஸ்கத் என்பவன் டிரம்ஸ், இன்னொருவன் கிட்டார், இவள் மூன்று தந்தி கோமுஸ் மீட்டிப் பாடுவாள். முதல் சிடியில் எழுதிவைத்த பாட்டே கூடாது, ரெக்கார்டிங் மெஷினைப் போட்டதும் வாயில் வருவதுதான் பாட்டு என்று அஸ்கத் சட்டம் போட்டான். பட்டணத்துப் பிள்ளை, அவனுக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. எங்கள் பெண்கள் சாவு வீட்டில் வேறென்ன செய்கிறோம்? கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, போனவர் பெருமையை அந்த நிமிஷமே கட்டி ஒப்பாரி வைக்கிறோம்.

மெஷின் ஓடியது. அவர்கள் இருவரும் வாசிக்க, இவள் வாயடைத்து நின்றாள்.

"என்ன சாய்கல், தூங்கிட்டியா? எதையாச்சும் பாடேன்" என்றான் அஸ்கத்.

பயத்தில் மனசு காலி. எழுதாமல் பாடும் பாட்டு என்று அவள் அறிந்தது சின்ன வயதில் கேட்ட ஒப்பாரி ஒன்றுதான், அந்த மெட்டே வந்தது. மெட்டு வந்தால் செத்தவர் ஒருவர் வேண்டுமே. தனக்கு நன்றாகத் தெரிந்த மனிதரை எடுத்துக்கொண்டாள். 'வெள்ளைத் தொப்பிக்காரனே, நீல வேன்காரனே, கிழவிகளிடம் காசு வாங்காதவனே, என்னை விட்டு எங்கே போனாய்' என்று அப்பாவுக்கு அழுதாள். அவரோ நரினில், ஆள் ஏற்றி ஓட்டும் தன் வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன்னால் பிறந்தவை தங்காததால் 'இது நிற்கட்டும்' என்று தோக்தோசுன் எனப் பெயர் வைக்கப்பட்டவர். அந்தப் பெயரையும் சொல்லி அழுதுவிட்டாள், பாவி.

முடிந்ததும் அஸ்கத் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இது என்ன பாட்டு?"

"எங்க ஊர்ப் பாட்டு" என்றாள்.

மறுநாள் அதை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள். காரணத்தைச் சொல்ல வெட்கம். "அதை எடுத்துட்டா அப்புறம் என்ன மிச்சம், என் டிரம்ஸா?" என்று அஸ்கத் கேட்டான். அவன் சொன்னதும் நியாயம்தான்.

சிடி வெளிவந்தது. ரேடியோவில் அந்தப் பாட்டையே போட்டார்கள். வார்த்தைகளைத் தாண்டிய குரல் என்று ஒருவன் பத்திரிகையில் எழுதினான். பட்டணத்தான், அவனுக்கு எங்கள் வார்த்தை புரியவில்லை, அவ்வளவுதான். கைதட்டல் கூடக்கூட இவள் தலை குனிந்தது. வீட்டுக்கு ஒரு சிடிகூட அனுப்பவில்லை.

தோக்தோசுன் பிஷ்கெக் சந்தையில் தானே ஒன்று வாங்கினார். நரின் திரும்பும் வேனில் முன்சீட்டில் நான்.

"என் பொண்ணு போட்டது. நானே இன்னும் கேக்கல, எல்லாரோடயும் சேந்து கேக்கணும்னு வச்சிருந்தேன்" என்றார்.

முதல் பாட்டு ஒரே தடதடப்பு. "அண்ணே, வண்டியில ஏதாச்சும் கழண்டுடுச்சா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். அவரும் சேர்ந்து சிரித்தார். தோலோன் கணவாயில் வண்டி ஏறும்போது அந்தப் பாட்டு வந்தது. ஒப்பாரி மெட்டைக் கேட்டதுமே கிழவி ஒருத்தி முகத்தை மூடி அழுதாள். பிறகு வெள்ளைத் தொப்பி வந்தது, நீல வேன் வந்தது, பெயரும் வந்தது. வேனில் எல்லாரும் அவர் தலையிலிருந்த தொப்பியைப் பார்த்தார்கள்.

"அணைச்சிடுங்கண்ணே" என்றேன்.

"பொண்ணு பாடிக்கிட்டிருக்கால்ல. முடிக்கட்டும்" என்றார்.

முடிந்ததும் சிடியை எடுத்து உறையில் போட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இதை அவகிட்டச் சொல்லாதே, கூனிக்குறுகிப் போயிடுவா" என்று என்னிடம் கேட்டுக்கொண்டார்.

ஆனால் ரேடியோவை யார் தடுப்பது? கொச்கோரிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, சாவு வீட்டுக்குக் கொடுக்கும் ஆட்டை இழுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்று கதறினார். கதவைத் திறந்தது தோக்தோசுன்.

"வந்ததுதான் வந்துட்டே, அழுதுட்டு உள்ள வா. ஆட்டை வீணாக்க வேண்டாம்."

ஊரே சிரித்தது. சேதி பிஷ்கெக்குக்கும் எட்டியது. சாய்கல் கோமுஸை அஸ்கத் வீட்டிலேயே விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். நிலைப்படியைத் தாண்ட மாட்டாமல் நின்றாள்.

"நல்லாத்தான் பாடியிருக்கே" என்றார் அப்பா. "ஆனா நிஜமாவே நான் போற அன்னைக்கு என்னத்தப் பாடுவே? இருந்த பெருமையெல்லாம் செலவு பண்ணிட்டியே."

அவர் சிரித்தார், அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு யார் முன்னாலும் பாடவுமில்லை. அஸ்கத் எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தான். அந்தப் பாட்டு வேனில் ஓடிய பேச்சை யார் எடுத்தாலும், முழுசாகக் கேட்காமல் எழுந்து போய்விடுவாள்.

பல வருஷம் கழித்து, ஓர் இலையுதிர் காலத்தில் தோக்தோசுன் படுக்கையிலேயே போய்ச் சேர்ந்தார். முற்றத்தில் கூடாரம் போட்டார்கள். சாய்கல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். முதலில் மகள் தொடங்க வேண்டும். அவள் வாய் திறக்கவில்லை.

"ஊருக்கே பாடுனவ, இப்ப ஊமையாயிட்டா பாரு" என்று பின்னால் ஒருத்தி முணுமுணுத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளை ஒரு முறை முறைத்துவிட்டு சாய்கல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எல்லாத்தையும் அன்னைக்கே பாடிட்டேன் அத்தை" என்றாள். "எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு மறுபடி பாடுவேன்?"

அவர் என் வாயைக் கட்டியது அவர் இருந்தவரைக்கும்தானே. வேனில் நடந்ததை அவள் காதில் சொன்னேன்.

"அணைக்கலையா?"

"நான் சொல்லியும் அணைக்கலடி. நீ முடிக்கிற வரைக்கும் கேட்டாரு."

சுவர்ப் பக்கம் திரும்பி, 'என்னைப் பாதியில் நிறுத்தாதவனே' என்று தொடங்கினாள். அது சிடியில் இல்லாத வரி.