எலி அறையில் துளசிங்கம் சார்

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் திருத்தணிக்கு வந்து மெஹ்னாஸின் கழுத்தைப் பாருங்கள். விரல் பதிந்த கறுப்பு இத்தனை வருஷமாகியும் மாறவில்லை.

கொரோனா இரண்டாம் அலை. மெஹ்னாஸ் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியை. விடிந்தால் ஆன்லைன் வகுப்பு. போனை எடுத்தால் ஏதாவது ஒரு மாணவன் வீட்டுச் சாவு. தூக்கம் போய்விட்டது. ஆராய்ச்சிக்காக அவள் வளர்த்த வெள்ளை எலிகள்தான் ஒரே பிடிப்பு.

துறைத்தலைவர் துளசிங்கம் போனில் கத்தினார்.

"காலேஜே மூடியாச்சு. எலிங்கள கொன்னுடும்மா. நீ செய்யலன்னா நானே வந்து முடிச்சிடுவேன்."

அதன்பிறகு அவர் கூப்பிடவில்லை. மெஹ்னாஸும் அவர் சொன்னதைச் செய்யவில்லை. தினமும் மத்தியானம் ஸ்கூட்டியில் போய்த் தீனி வைத்துவிட்டு வந்தாள்.

அன்று வெயில் கொளுத்தியது. கேட்டில் வாட்ச்மேன் டில்லிபாபு இருந்தார்.

"யார்னா வந்தாங்களாண்ணா?"

"ஒருத்தரும் வர்லம்மா. சாவி எங்கிட்டதான் கீது."

சாவியை வாங்கி எலி அறைப் பூட்டைத் திறந்தாள். காலடி கேட்டாலே எலிகள் கம்பியைப் பிறாண்டும். இன்று சத்தமே இல்லை. ஆஸ்பத்திரி வாடை மட்டும் குப்பென்று அடித்தது.

பிறகு...

மடக்.

மேசையருகே துளசிங்கம். முதுகு தெரிந்தது. காலில் செருப்பில்லை. ஒவ்வோர் எலியாக எடுத்துத் தலையைத் திருகி வீசிக்கொண்டிருந்தார். தரையெல்லாம் ரத்தம்.

மடக்... மடக்...

"சார்! என்ன பண்ணிகினு இருக்கீங்க?"

திரும்பினார். உதடு நீலம். கன்னத்தில் ஏதோ அழுத்திய தடம்.

"நீ செய்யல... நான் வந்துட்டேன்."

பாய்ந்தார். கழுத்தை நெரித்து அவளைச் சுவரோடு அழுத்தினார். கண் இருட்டியது. தடவிய கையில் இரும்பு ஸ்டாண்டு அகப்பட்டது.

அடித்தாள்.

மறுபடி அடித்தாள்.

அவர் நெற்றி பிளந்தது. பிடி தளர்ந்தது.

ஓடினாள்.

டில்லிபாபு தடியோடு உள்ளே போனார். செத்த எலிகள் கிடந்தன. ஆள் இல்லை. ஜன்னலெல்லாம் கம்பி. வேறு வாசலும் கிடையாது.

மெஹ்னாஸ் துளசிங்கம் வீட்டுக்குப் போன் போட்டாள். மகள் மோனிஷா எடுத்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"நைனா இப்பதான் போய்ட்டாரு மேடம். ஒரு வாரமா வென்டிலேட்டர்ல இருந்தாரு. குழாய புடுங்குறார்னு ரெண்டு கையையும் கட்டில்ல கட்டி வெச்சிருந்தாங்க."

மெஹ்னாஸ் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"கட்டு அவுக்கவே இல்லியாம். கிட்டக்க யாரும் போவலியாம். ஆனா மேடம்... நைனா நெத்தி ரெண்டா பொளந்து கெடக்குது."