சொந்தக்காரர்கள் இல்லாத வார்த்தை

என் நாத்தனார் விக்கிரமங்கலத்தில் விவசாயம் பார்க்கிறார். கணவர் இறந்த பிறகு நிலத்தையும் இரண்டு பெண்களையும் தனி ஆளாகக் கரை சேர்த்தவர். சென்ற ஆண்டு இடுப்பு வலி என்று அரியலூரில் ஸ்கேனும் ரத்த டெஸ்டும் எடுத்தார். ரிப்போர்ட்டை வாங்கியவர் டாக்டரைப் பார்க்காமல், பஸ் ஏறிப் பெரம்பலூரில் என் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன்.

“போன்ல அனுப்புனத இளையவ படிச்சுட்டு, சொந்தக்காரங்கன்னு ஏதோ போட்டிருக்குன்னா. எங்கம்மாவும் கிட்னி கெட்டுத்தான் போனாங்க. என் புள்ளைங்களுக்கும் வரும்னா எழுதியிருக்கு?”

வாங்கிப் பார்த்தேன். வலது சிறுநீரகம் ‘ரிலேட்டிவ்லி’ சிறியது என்றிருந்தது. சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அழுது அழுது கண்கள் வீங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

“‘ரிலேட்டிவ்’னாத்தான் சொந்தக்காரங்க, இது வேற அண்ணி. ஒண்ணோட வச்சுப் பாத்தா இது இப்படின்னு அர்த்தம். கொஞ்சம் சின்னதா இருக்குதாம், அவ்வளவுதான்.”

“எதோட வச்சுப் பாத்து?”

மறுபடி படித்தேன். அந்த வரியில் அது இல்லை. இன்னொரு சிறுநீரகத்தோடா, மற்றவர்களுக்கு இருக்கும் அளவோடா? இத்தனை வருடமாக அந்தச் சொல்லுக்கு ‘ஓரளவுக்கு’ என்று பொருள் சொல்லிக் கடந்துபோயிருக்கிறேன். ஒரு பிள்ளையும் இப்படிக் கேட்டதில்லை.

“தெரியல அண்ணி” என்றேன். சொல்லவே வெட்கமாக இருந்தது.

மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு இருவரும் அரியலூர் போனோம். டாக்டர் இளம்பெண். நான் வாய் திறக்கும் முன் அண்ணியே கேட்டார்: “எதோட பாத்தா சின்னதுங்க?”

டாக்டர் ஸ்கேன் படத்தைத் திருப்பிக் காட்டினார். “உங்க இடது பக்கத்தோட பாத்தாம்மா. பொறந்ததிலேர்ந்தே இப்படி இருக்கலாம். ரத்த டெஸ்ட் நல்லா இருக்கு. வலி குனிஞ்சு வேலை செய்யறதால.”

“எங்கம்மா கிட்னி கெட்டுத்தான் போனாங்க. என் புள்ளைங்களுக்கும் வருமா?”

“அவங்களப் பத்தி இதுல ஒண்ணுமே எழுதல. அம்மாவுக்கு இருந்துச்சுங்கறீங்க; பிரஷர் ஏறினா கிட்னிக்கு ஆகாது, அதனால எல்லாரும் வருஷம் ஒருதடவ அதப் பாத்துக்குங்க, போதும்.”

வெளியே வந்ததும் அண்ணி பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு இளையவளுக்குப் போன் போட்டார். “உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லடி. போய் நல்லா சாப்பிடுங்க.”

தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. “உங்களுக்கும் ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க அண்ணி” என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

இந்த வருடம் அண்ணியும் இரண்டு பெண்களும் சேர்ந்தே போய் பிரஷர் பார்த்துவிட்டு வந்தார்கள். மூவருக்கும் சரியாக இருந்தது.