ராக்காயியின் வயிறு

ராக்காயியை யாராவது புகழ்ந்தால் எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அவள் தன் கதையைச் சொல்லப்போவதில்லை. நான்தான் சொல்லவேண்டிக் கிடக்கிறது.

கண்டாவளையில் எங்கள் வளவுக்கும் அவள் வளவுக்கும் நடுவில் ஒரு பூவரசம் வேலி. என் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றக் காணி கிடைத்து வந்தவர். ராக்காயியை எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து கைக்குழந்தையாகத் தாய் தூக்கி வந்தாள். தாய் எங்கள் வயலில் புல்லுப் பிடுங்கினாள், பிறகு மகள் பிடுங்கினாள். புருஷன் பழனியாண்டி கடைசிச் சண்டையில் செத்துப்போய்விட்டான். பிள்ளை இல்லை. கொஞ்சம் ஆடுகள், ஒரு தகரக் கொட்டில். இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். வயிறு இருக்கிறது.

கல்லைத் தின்றாலும் செரிக்கும் வயிறு அது. காலையில் பழஞ்சோற்றில் புளித்த மோரை ஊற்றி, பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் குந்தியிருப்பாள். ஆட்டுக்குக் குழை வெட்டிய கையைச் சேலையில் துடைத்துவிட்டு அதே கையால் பிசைவாள். ஷெல்லுக்குப் பயந்து பங்கர்க் குழிக்குள் கிடந்த காலத்தில் குட்டைத் தண்ணியைச் சேலையில் வடித்துத்தான் எல்லாரும் குடித்தோம். எல்லாருக்கும் வயிற்றால் போனது, அவளுக்கு மட்டும் ஒன்றுமில்லை. எழும்ப முடியாமல் கிடந்த என் அம்மாவுக்குத் தண்ணி பருக்கியவளும் அவள்தான். அன்றைக்கே அந்த வயிற்றில் என் கண் விழுந்துவிட்டது.

நான் வளர்ந்தது வேறு மாதிரி. கொதித்தாறிய தண்ணி, அவித்த சாப்பாடு. நான் தும்மினாலே அம்மா பாமசிக்குப் போய்க் கப்சூல் வாங்கி வருவா. அப்படி வளர்ந்த எனக்குத்தான் பெருங்குடலில் அழற்சி வந்தது. புண், இரத்தம், வயிற்று முறுக்கு. கொஞ்ச நாள் அடங்கும், பிறகும் கிளம்பும். கலியாண வீட்டுக்குப் போனால் முதலில் கக்கூஸ் எங்கே என்று பார்ப்பேன், பிறகுதான் மணவறையில் பொம்பிளையைப் பார்ப்பேன். பஸ் ஏறுவதே பயம். என்ன அநியாயம் இது? வேலிக்கு அந்தப் பக்கம் அவள் மிளகாய் கடிக்கும் சத்தம் கேட்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

யானைக்கும் அடி சறுக்கும். ஒருநாள் ராக்காயி நொண்டிக்கொண்டு வந்தாள். வயலில் துருவேறிக் கறள் பிடித்த கம்பி காலில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி மட்டும் போட்டுக்கொண்டு, மஞ்சளை அரைத்துக் கட்டியிருந்தாள். எங்கள் பக்கம் குடித்து மிஞ்சின குளிசை, கப்சூலை யாரும் எறிவதில்லை. அலுமாரிக்கு மேல் பிஸ்கட் ரின்னில் சேர்த்து வைப்போம், அயலில் யாருக்கும் ஒன்றென்றால் எடுத்துக் கொடுப்போம். நான் ரின்னை இறக்கினேன். சிவப்பும் மஞ்சளுமாகக் கப்சூல் கிடந்தது.

"இந்தா, இதைக் குடி. ஒண்டும் விடாமல் குடிச்சு முடிக்கோணும்," என்றேன்.

அவளுக்கென்று குசினி யன்னலில் ஒரு கைபிடி உடைந்த கோப்பை வைத்திருக்கிறோம். தாய் காலத்து வழக்கம். அதில் தண்ணி வாங்கி என் முன்னாலேயே முதல் கப்சூலை விழுங்கினாள். அவளும் ஒருநாள் மருந்து குடிக்கட்டுமே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இரவு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஒரு மாதம் கழித்து என் குடல் வருத்தம் திரும்பவும் கிளம்பியது. கிளினிக்கில் டொக்டர் பிள்ளை, சின்ன வயதுப் பெட்டை, என் மருந்துத் துண்டுகளைப் புரட்டிவிட்டுக் கதிரையை அருகே இழுத்தா.

"கமலாசனி அம்மா, எங்கட குடலுக்குள்ள கோடிக்கணக்கில கிருமியள் குடியிருக்கு. கனக்க அதில நல்லது. விதம்விதமா இருந்தாத்தான் குடல் சமாதானமா இருக்கும். உங்களுக்கு அந்த வகையள் நல்லாக் குறைஞ்சு போச்சு. உடம்பும் தன்ர குடலையே எதிரியெண்டு நினைச்சு அடிக்குது. ஏன் இப்பிடி வருதெண்டு இன்னும் முழுக்கக் கண்டுபிடிக்கேல்லை."

"குளிசைக்கு அடங்காட்டி?"

"பெருங்குடலை வெட்டி எடுத்து, கழிவு போக வயித்தில பை வைக்கவேண்டி வரும்."

அவா என் கையைப் பிடித்துக்கொண்டா. கொழும்பில் ஓரிடத்தில் ஆராய்ச்சியாக ஒன்று செய்து பார்க்கிறார்களாம். சுகமாக இருக்கிற ஒருவரின் மலத்தைக் கரைத்து வடித்து, அதிலுள்ள கிருமிகளைக் குழாய் வழியாக நோயாளியின் குடலுக்குள் விடுவார்களாம். எல்லாருக்கும் சரிவராது, சிலருக்குச் சரிவந்திருக்கிறது. ஆளை நானே கூட்டிக்கொண்டு வரலாம்.

அக்காவுக்குச் சீனி வருத்தம். தம்பி நெஞ்செரிவுக் குளிசை இல்லாமல் படுக்கமாட்டான். எங்கள் சாதிசனத்தில் ஒரு நல்ல வயிறு கிடையாது. எனக்கு வேண்டிய வயிறு எது என்று எனக்குத் தெரியாதா?

அன்றுதான் முதன்முதலாக ராக்காயியின் கொட்டிலுக்குள் போனேன். அவள் பதறிப்போய்க் கதிரையைத் துடைத்து வைத்தாள்.

"உன்னட்ட ஒண்டு கேக்க வந்தனான். கொஞ்சம் கழிவு வேணும்."

"புழுக்கையாக்கா? கத்தரிக்குப் போடவா? ஒரு சாக்கு அள்ளிக்கங்க."

"ஆட்டிட இல்லையடி. உன்ர."

விளக்கிச் சொன்னேன். கண்ணில் தண்ணி வருமட்டும் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"சும்மா போறதுதானேக்கா. ஒங்களுக்கு நல்லாகும்னா எடுத்துக்கங்க."

செம்பில் தண்ணி கொண்டுவந்து தந்தாள். அவள் வாய் வைக்கிற செம்பு. அவள் குடலில் இருக்கிறதைக் கேட்டு வந்தவள் செம்பை வேண்டாமென்று சொல்ல முடியுமா? குடித்தேன்.

அடுத்த கிழமை இரண்டு பேரும் கிளினிக்குக்குப் போனோம். என்னுடைய ஒரு சேலையை அவளுக்குக் கொடுத்திருந்தேன். டொக்டர் பிள்ளை கேள்வி கேட்கக் கேட்க ராக்காயி தலையாட்டினாள். சீனி இல்லை. பிரஷர் இல்லை. வயிற்றுக்குத்து என்றால் என்னவென்றே தெரியாது. எனக்கு ஒவ்வொரு பதிலுக்கும் எரிச்சலும் வந்தது, நம்பிக்கையும் வந்தது.

"கிட்டடியில ஏதும் மருந்து குடிச்சனீங்களா?"

"இல்லீங்க டாக்டரம்மா. எப்பவுமே குடிச்சதில்ல." என் பக்கம் திரும்பி முகமெல்லாம் சிரிப்பாக, "இந்த அக்கா குடுத்த செவப்புக் குளிசதான். அக்கா ஆசையாக் குடுத்தாங்கன்னு ஒண்ணுவிடாம முழுங்கிட்டேன்," என்றாள்.

டொக்டர் பிள்ளை பேனையை வைத்துவிட்டா. அந்தச் சிவப்புக் கப்சூல் கிருமிகொல்லியாம், குடலிலுள்ள நல்ல கிருமியையும் சேர்த்துத்தான் கொல்லுமாம். இனி மூன்று மாதம் அவள் எந்தக் கிருமிகொல்லியும் குடிக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் பார்க்கலாம். அதுவரைக்கும் என் குடல் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் கத்திதான்.

கல்லும் செரிக்கிற வயிறென்றால், யார் என்ன கொடுத்தாலும் விழுங்கிவிடுவதா? பஸ்ஸில் அவளோடு நான் கதைக்கவில்லை.

இப்போது பிஸ்கட் ரின் கிணற்றடிக் குழியில் புதைந்து கிடக்கிறது. விடிந்ததும் வேலியடிக்குப் போய், பழஞ்சோறு சாப்பிட்டாளா, மோர் புளித்ததா என்று கேட்கிறேன். ஒவ்வொரு நாளும் என் குடலுக்கும் கெஞ்சுகிறேன், அவள் குடலுக்கும் கெஞ்சுகிறேன்.

நேற்று மழையில் நனைந்து அவளுக்குத் தடிமன் பிடித்துவிட்டது. ஒரு கப்சூல் விழுங்கினாளென்றால் மூன்று மாதத்தையும் திரும்ப முதலிலிருந்து எண்ணவேண்டும். கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டு அவித்து, கைக்கு முதலில் அகப்பட்ட, நாங்கள் குடிக்கிற சில்வர்ப் பேணியில் ஊற்றிக்கொண்டு ஓடினேன்.

"பாமசிப் பக்கம் போயிடாதை. இதைக் குடிச்சிட்டுப் படு. நான் இதில இருக்கிறன்," என்றேன்.

பேணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"எங்க ஆத்தா செத்தப்பெறகு என்னைய இப்புடி யாரும் பாத்துக்கிட்டதில்லக்கா."

முழுவதையும் குடித்தாள். பாயில் சரிந்தவள் அந்த நிமிடமே நிம்மதியாக நித்திரையாகிவிட்டாள். அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது.